காது குத்திய நோட்டும் எழுபது மார்க்கும்

பழைய ரூபாய் நோட்டு விற்பவர் "சார், இது குட் கண்டிஷன்" என்று சொன்னால் உடனே பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். சேகரிப்பாளர் பாஷையில் 'குட்' என்றால் ஓரம் கிழிந்து, நடுவில் ஓட்டை விழுந்து, அழுக்கில் ஊறிய நோட்டு. 'வெரி குட்' கொஞ்சம் தேவலை. நைந்துபோனதுதான், ஆனால் முழுசாக இருக்கும். 'ஃபைன்' என்பது பல கை மாறி, பல மடிப்பு கண்டது. இந்தக் கணக்கில் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் நான் எல்லாப் பாடத்திலும் வெரி குட்.

வார்த்தைகள் இப்படிக் காலை வாரியதால் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த எண்ணைத் தந்த புண்ணியவான் வில்லியம் ஷெல்டன், அமெரிக்க உளவியலாளர். மனிதர்களை ஒல்லி, கட்டுமஸ்து, தொந்தி என்று பிரித்து, மூன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க் போட்டு, உடம்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்றவர். அதற்காகக் கல்லூரி மாணவர்களை ஆடையில்லாமல் நிற்கவைத்துப் படமெடுத்தவர். மனுஷனையே விடாதவர் செப்புக் காசை விடுவாரா? 1794ஆம் வருஷத்து ஒரு சென்ட் காசு, இன்னதென்று மட்டும் தெரியுமளவு தேய்ந்திருந்தால் ஒரு டாலர். அப்பழுக்கில்லாமல் இருந்தால் எழுபது டாலர். ஆகவே கிரேடு 1 முதல் 70 வரை என்று 1949இல் புத்தகம் போட்டார். கடை விலைப்பட்டியல் விஞ்ஞானமானது இப்படித்தான். விலை சீக்கிரமே மாறிவிட்டது. எழுபது மட்டும் அசையவில்லை.

2005இல் பிஎம்ஜி என்ற கிரேடிங் நிறுவனம் வந்தபோது அதே எழுபதுதான் நோட்டின் தலையிலும் ஏறியது. காசு மடங்காது, நோட்டு மடங்கும். மடிப்பை மறைக்க இஸ்திரி போடும் மகானுபாவர்கள் உண்டு. மடிப்பு போகும், கூடவே மேடாக நிற்கும் அச்சு மையும் நசுங்கிப் போகும். விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் பழைய தழும்பு பல்லிளிக்கும். அதனால்தான் பிஎம்ஜியில் 65ஓ அதற்கு மேலோ வேண்டுமென்றால் காகிதம் கைவைக்கப்படாததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை.

நம்மூர் நோட்டு பாவம், பிறந்தவுடன் காது குத்தப்பட்டது. நூறு நோட்டுக் கட்டில் ஸ்டேப்ளர் அடிப்பது வழக்கமாக இருந்தது; வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது 2001இல்தான். யார் கையும் படாத பழைய நோட்டிலும் துளை இருக்கும். 'வெளியானபோதே ஸ்டேப்ளர் துளை' என்று கிரேடிங் சீட்டில் எழுதிவிடுகிறார்கள். நியாயம்தான், பிள்ளைமேல் என்ன குற்றம்?

ஷெல்டன் 1977இல் காலமானார். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் பெட்டிகளில் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு தன் மட்டமான காசுகளை வைத்துவிட்டுப் போயிருந்தது பிறகு தெரியவந்தது. வழக்கு நடந்து, காசு சங்கத்துக்கே என்று தீர்ப்பானது. ஒன்று சொல்ல வேண்டும்: கிரேடு போடுவதில் அவர் கை தப்பவே இல்லை. எடுத்தது உசத்தி, வைத்தது மட்டம்.