போடி மலையில் கரி கிடைக்குமா?

கேள்வி: சுவிட்சர்லாந்தின் ஹோர்கனில் 1947-இல் மூடிய நிலக்கரிச் சுரங்கத்தை அருங்காட்சியகமாக்கி ஊரையே உள்ளே அழைக்கிறார்களாமே! நம் தேனிப் பக்கம் அப்படி ஏதும் உண்டா? (கம்பம் வாசகர்)

பதில்: போடி மலையைக் குடைந்தாலும் ஒரு சட்டி கரி தேறாது. அங்கே இருப்பது சார்னோகைட். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லால் பெயர் பெற்ற முரட்டுப் பாறை. கரிக்கு நெய்வேலிதான், அதுவும் பழுப்பு!

அந்த முரட்டுத்தனத்தை நம்பித்தான் நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகத் திட்டம் மலையடிவாரப் பொட்டிப்புரத்துக்கு வந்தது. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். அந்தச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதனால் ஆய்வுக்கென்றே போடி மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை போடலாம் என்று 2015-இல் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

அப்புறம் போராட்டம், வழக்கு.

மலை அப்படியே நிற்கிறது. டிக்கெட் வாங்கியே தீருவேன் என்றால், சுருளி அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்.