அண்ணாச்சி, தண்ணி விழுதா?

குற்றாலத்தில் சீசன் என்றால் ஆனி, ஆடி, ஆவணி என மூன்று முழு மாதம். இப்போது அது மறுவீட்டு மாப்பிள்ளை மாதிரி: வந்த சுவடு தெரியும்முன் கிளம்பிவிடுகிறது. சென்னையிலிருந்து போன்: "அண்ணாச்சி, தண்ணி விழுதா?" "நல்லா விழுது, வாங்க." வந்து சேர்வதற்குள் பாறை காய்ந்திருக்கும், இல்லையென்றால் வெள்ளமென்று குளிக்கத் தடை. 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அதன்பின் தடையைக் குறைசொல்ல வாய் வருவதில்லை. திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் பாடிய குரங்குகளுக்கு மட்டும் வருஷம் முழுக்க சீசன். நாமோ உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, லாட்ஜ் பக்கெட்டில் முக்குளிக்கிறோம். அதுவும் மோட்டார் போட்டால்தான்.