தேய்த்தால் போச்சு!

பழைய பித்தளை கேமரா லென்ஸ் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமா?

பளபளக்கும். கூடவே அதன் மதிப்பும் தேய்ந்துவிடும்! அந்தத் தேன் நிறம் பெரும்பாலும் அழுக்கில்லை, அந்தக் காலத்து அரக்குப் பூச்சு. மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

பெயரே பொறிக்கவில்லையே, எந்த வகை என்று யாரைக் கேட்பது?

லென்ஸையே கேளுங்கள், டார்ச் அடித்து! முன்பக்கக் கண்ணாடிகளில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும் தெரிந்து, பின்பக்கம் நான்கும் பளிச்சிட்டால், அது 1840-இல் யோசப் பெட்ஸ்வால் வகுத்த உருவப்பட லென்ஸ் வகை. வியன்னாவில் ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் முதலில் செய்தது. பின் கண்ணாடிகள் இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். அவற்றைக் கழற்றும்போதே வரிசையையும் திசையையும் கண்ணாடி விளிம்பில் பென்சிலால் குறித்துவிடுங்கள். மாறிப்போனால் படம் கெட்டுவிடும்.