ராஜபாளையத்து ஐஸும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தண்ணீரும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சித்திரை மாதத்து மத்தியானம். ராஜபாளையத்தில் வாங்கிச் சாக்கில் சுற்றிய ஐஸ்கட்டி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது பாதியாகிவிட்டது. மீதிப் பாதி படிக்கட்டு வழியாக மதுரை ரோட்டில் கோடு போட்டிருந்தது. "வெயில் கூடினா ஐஸோட உருகுநிலை மாறிப்போகும் மாப்பிள்ளை" என்றார் மாமனார். அக்கூற்றை ஆராய்வதே இக்கட்டுரை. 'பனிக்கட்டி' என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆதலின் 'ஐஸ்' என்றே ஆளப்படுகிறது.

காரணி 1: வெயில்

மறுக்கப்படுகிறது. உருகத் தொடங்கிய ஐஸ், கடைசிச் சில்லு கரையும்வரை 0 டிகிரியிலேயே நிற்கும். கத்திரி என்றாலும் மார்கழி என்றாலும் கணக்கு அதுவே. ஒரு கிராம் ஐஸை உருக்க 80 கலோரி வேண்டும். வெயில் அதைச் சீக்கிரம் கொடுக்கிறது, மரத்தூள் அதைத் தடுத்து வைக்கிறது. வேகம் வேறு, நிலை வேறு என்க. 1833இல் ஃப்ரெடெரிக் டியூடர் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஐஸ் அனுப்பினார். நான்கு மாதம் கடலில் கிடந்தும் பாதிக்கு மேல் கரை சேர்ந்தது. அவருடைய ஐஸை வைக்கச் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். கடல் கடந்தும் பாதி, பக்கத்து ஊருக்கு வந்த என் சாக்கிலும் பாதி. குறை ஐஸில் இல்லை, சாக்கில்.

காரணி 2: நெரிசல்

பஸ்ஸில் ஒருவர் சாக்கின் மேலேயே உட்கார்ந்து வந்தார். அழுத்தம் கூடினால் உருகுநிலை குறையும் என்பது மெய்யே. ஆனால் ஒரு டிகிரி குறைய, வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 135 மடங்கு வேண்டும். அன்னாரின் பங்களிப்பு டிகிரியில் ஆயிரத்தில் ஒன்று. ஆடிப்பூரத் தேர்ச்சக்கரத்தின் அடியில் வைத்தால் என்ன என்பார்க்கு விடை: டிகிரி குறையுமுன் கட்டி நொறுங்கும். செண்பகத்தோப்புக்கு மேலே மலையேறினால் காற்றழுத்தம் தளர்ந்து உருகுநிலை கூடுமே எனின், கூடும். காற்றே இல்லாத இடத்துக்குப் போனாலும் டிகிரியில் நூறில் ஒரு பங்குதான்.

காரணி 3: கலப்பு

ஏற்கப்படுகிறது. ராத்திரி மணியடித்து வரும் குல்பிக்காரர் பானையில் ஐஸோடு கல்லுப்பை அள்ளிப் போட்டுக் குலுக்குகிறார். உப்புச் சேர்ந்த ஐஸ் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும். தான் உருகுவதற்கான சூட்டைத் தகரக் குப்பிக்குள் இருக்கும் பாலிடமிருந்து பிடுங்கும். உப்பில்லாத ஐஸ் 0வில் நின்றுவிடும். சர்க்கரை கரைந்த பாலோ 0வுக்குக் கீழேதான் உறையும். குல்பி இறுகாது.

சர்க்கரை போடாத பாலும் இப்படித்தான். தன்னிடமுள்ள பால்சர்க்கரையாலும் உப்புகளாலும் அது மைனஸ் அரை டிகிரி வாக்கில் உறைகிறது. தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த அளவு 0வை நோக்கி ஏறும். அந்த ஏற்றத்தை அளந்தே பாலில் கலந்த தண்ணீரைக் கண்டுபிடிக்கக் கருவி உண்டு. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இது சில்லறை விஷயமன்று.

முடிவுரை

வெளியே நின்று வெயிலும் கூட்டமும் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் அசையாத உருகுநிலை, உள்ளே ஒரு கைப்பிடி உப்பு விழுந்ததும் இறங்கி வந்துவிடுகிறது. இம்முடிவைத் தெருவுக்குப் பால் ஊற்றும் அண்ணாச்சியிடம் சமர்ப்பித்தேன். கேனை இறக்கி வைத்துக் கேட்டார்.

"தண்ணி ஊத்தினா அது மேல ஏறும்?"

"ஆமா அண்ணாச்சி."

"உப்பு போட்டா கீழ இறங்கும்?"

"இறங்கும்."

"அப்போ ரெண்டையும் போட்டா?"

இவ்வினா இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.