சூரியனுக்கு லீவு

விளக்கு எரிய எண்ணெய் வேண்டும் என்பது மற்ற ஊர்க்காரரின் நம்பிக்கை. முள்ளியவளையில் வைகாசி பிறந்தால் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, காட்டா விநாயகர் கோயிலில் உப்புத் தண்ணீரில் விளக்கேற்றுவோம். பிறகு அது வற்றாப்பளை கண்ணகி அம்மனின் பொங்கலுக்குப் போகும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனிடம் ஒரு சோலர்க் கொம்பனிப் பொடியன் வந்து, "அண்ணை, இது வெய்யிலிலை வேலை செய்யும்" என்று கண்ணை விரித்துச் சொன்னால் எனக்கு என்ன வியப்பு வரும்? கடல் தண்ணியே எரியுது, வெய்யில் எரியாதா?

வியப்பு வந்தது விலையைச் சொன்னபோதுதான்.

வெயிலில் கரண்ட் எடுப்பது வன்னிக்குப் புதிதும் இல்லை. தொண்ணூறுகளில் எங்களிடம் கரண்ட் இருக்கவில்லை, சில இடங்களில் கம்பம் மட்டும் இருந்தது. பிறகு கம்பமும் போய்விட்டது. ரோர்ச் பற்றரி பொருளாதாரத் தடைப் பட்டியலில். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரி கொளுத்துவோம். எண்ணெய் விடுகிற நேரத்தில் வீட்டில் ஒருவரும் தும்மக் கூடாது.

செய்தி கேட்பதற்குச் சைக்கிள். தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றிவர இருந்து இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால் லண்டனில் செய்தி வாசிப்பவரும் நிறுத்திவிடுவார். எங்கள் வளவில் சுற்றும் வேலை எனக்கு. அதனால்தான் அந்தக் காலத்துப் பேச்சுவார்த்தைகள் பற்றி யாராவது கேட்டால் பாதிதான் சொல்வேன். மீதிப் பாதியில் எனக்கு இளைத்துக்கொண்டிருந்தது.

அந்த நாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கூரைகளில் சோலர் தட்டுகள் இருந்தன. ஒரு தட்டு, ஒரு கார் பற்றரி, ஒரு 12 வோல்ற் பல்ப். முழு மின்சார சபையும் அவ்வளவுதான். பகலில் தட்டு பற்றரியை நிரப்பும், இரவில் பல்ப் எரியும், மப்புப் போட்டால் எரியாது. விண்ணப்பப் படிவம் இல்லை, மீற்றர் இல்லை, பில் இல்லை. பழுதானால் ஏசுவதற்கும் ஆள் இல்லை. அது ஒன்றுதான் குறை.

யுத்தம் முடிந்து, மீள்குடியேறி, கம்பம் நட்டு, வயர் இழுத்து, ஒருநாள் கரண்ட் வந்தது. அந்தக் குறையும் தீர்ந்தது.

பிறகு 2022 வந்தது. டொலர் இல்லை, டீசல் இல்லை. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். கொழும்பில் சனம் தெருவுக்கு இறங்கியது. இங்கே என் மாமி செய்தியைக் கேட்டுவிட்டு, "அப்ப மிச்சம் 11 மணித்தியாலம் கரண்ட் நிக்குமோ? பறவாயில்லையே" என்றா. வன்னிக்காரருக்கு இருட்டால் பயம் காட்ட முடியாது. பில்லால் முடியும். அதே ஆண்டு ஓகஸ்டில் கட்டணம் 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். மின்விசிறி சுற்றினால் மாமிக்கு இப்போது வேர்க்கும்.

கனடாவில் இருக்கும் மச்சான், மனிசியின் தம்பி, அந்த நேரம் பார்த்துத்தான் கோல் எடுத்தான். "அத்தான், சோலர் போடுங்கோ. அரைவாசிக் காசு நான் தாறன்." அரசாங்கத்தின் கூரைச் சூரிய மின்சாரத் திட்டம் 2016 செப்டெம்பரில் தொடங்கியது. உங்கள் கூரையில் விளைவதை மின்சார சபை வாங்கும் என்றார்கள்: முதல் 7 வருடம் யூனிற் 22 ரூபாய், அடுத்த 13 வருடம் 15.50. 2022இல் அது 37 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு புதிதாகப் போடுகிறவர்களுக்கு இறங்குமுகம்தான். நாங்கள் 37இல் ஏறினோம், 5 கிலோவாட். ஒரு கிலோவாட் தட்டு நல்ல வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிற் தரும். மிச்சக் கணக்கை மச்சான் கனடாவில் செய்து முடித்துவிட்டான்.

பூட்ட வந்த பொடியள் தட்டுகளைத் தெற்கு முகமாகச் சரித்தார்கள். மாமி கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டு, "தம்பியவை, சூரியன் கிழக்காலை எல்லோ வாறவர்? ஏன் தெற்கை பாத்து வைக்கிறியள்?" என்றா. பொடியன் இறங்கி வந்து விளக்கினான். நாங்கள் பூமத்திய கோட்டுக்கு 9 பாகை வடக்கே இருக்கிறோம். வருடத்தில் கூடுதலான மாதங்கள் சூரியன் எங்களுக்குத் தெற்கால்தான் நகர்கிறது. சித்திரையில் நேரே உச்சியில் நிற்கும், பிறகு கொஞ்சக் காலம் வடக்கே போய் வரும். மாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டா. "அப்ப கிழக்காலை வாறேல்லையோ?"

வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்றுதான் எல்லோரும் நினைப்பது. தட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. 25 பாகைக்கு மேலே ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் விளைச்சல் அரை வீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். எங்கள் மத்தியான வெயிலில் தட்டின் சூடு 60ஐத் தாண்டும்போது எட்டில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். இந்தச் சாமானுக்கு நல்ல இடம் குளிர்ந்த வெளிச்சமுள்ள நாடுதான் போலிருக்கிறது. அங்கே மச்சானின் வீட்டுக் கூரையில் பனி கிடக்கிறது.

அடுத்தது மயில். முத்தையன்கட்டுப் பக்கக் காட்டிலிருந்து வருகிறதோ, எங்கள் தண்ணீரூற்றுப் பக்கத்திலேயே குடியிருக்கிறதோ தெரியாது, விடியற்காலையில் ஒன்று வந்து நடுத் தட்டில் ஏறி நின்று தோகையை விரிக்கும். பார்க்க முருகன் கோயில் கோபுரத்தின் அழகு. இறங்கும்போது ஒரு அடையாளம் விட்டுப் போகும். தட்டுகளை வரிசையாகத் தொடுத்திருப்பதால் ஒன்றை மறைத்தால் அந்த வரிசைக்கே சோர்வு. கோயில் நிர்வாக சபை மாதிரி, ஒருத்தர் முகத்தைத் தூக்கினால் மிச்சப்பேரும் வேலை செய்ய மாட்டார்கள். சரிவாய்ப் பூட்டியிருப்பதால் மழை கழுவிவிடும் என்று பொடியன் சொன்னது உண்மைதான். மாரி மழை ஐப்பசியில். மயில் வருவது தினமும். தும்புத்தடியும் வாளியுமாகக் கூரை ஏறுவது யாரென்று கேட்காதீர்கள். அப்போது பெடல் சுற்றியவன்தான்.

பூட்டியபின் வந்த முதல் கரண்ட் வெட்டு நல்ல மத்தியானத்தில். பக்கத்து வளவு அண்ணை போனும் சார்ஜருமாக வேலியால் புகுந்து வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். உச்சி வெயில் பொழிகிறது, தலைக்கு மேலே 5 கிலோவாட் மினுங்குகிறது, வீட்டுக்குள் மின்விசிறி அசையாமல் நிற்கிறது. "தம்பி, உங்களிட்டை எல்லோ சோலர் இருக்கு?" "ஓம் அண்ணை." "அப்ப?" "லைன்லை கரண்ட் இல்லாட்டி இதுவும் நிண்டிடும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது, நல்ல காரணம்தான். லைன் செத்துவிட்டது என்று நம்பி வயர்மன் ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரம் எங்கள் கூரை லைனுக்குக் கரண்டைத் தள்ளினால் அவர் கதி என்ன? அதனால் லைன் போனதும் இன்வேட்டர் தானாக அடங்கிவிடும். பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் பூட்டினால் வீட்டுக்குள் எரியும், அதற்கு வேறு விலை. அண்ணைக்கு இவ்வளவும் சொன்னேன். அவர் சார்ஜரைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "தொண்ணூற்றாறிலை எங்கடை வீட்டிலை ஒரு தட்டு இருந்தது, ஞாபகமோ? அது ஒருத்தரையும் கேளாமல் எரிஞ்சது" என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் இலவசம் என்கிறார்கள். உண்மைதான். அதற்கும் பல்புக்கும் இடையில் நிற்கிற எல்லாவற்றுக்கும் காசு, இல்லையென்றால் அனுமதி.

காசும் அனுமதியும் இல்லாமல் வெயிலில் நடக்கிற வேலை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது: கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. கறுப்பு வெயிலைக் குடிக்கும். மத்தியானம் 2 மணிக்குக் குளியலறைக் குழாயைத் திறந்தால் பிளேன்ரீ போடலாம். ஆனால் அந்த நேரம் யாருக்கு வெந்நீர் வேண்டும்? மார்கழி விடியற்காலையில், கோயிலுக்குப் போக மனிசி குளிக்கிற நேரம், அதே குழாயில் ஐஸ். கண்ணாடிக் குழாய்களும், சூடு வெளியேறாமல் பொதிந்த தாங்கியும் உள்ள சோலர் வெந்நீர்ச் சாமான்கள் பகல் சூட்டை விடியும்வரை பிடித்து வைக்கும். எங்கள் தாங்கி பிடித்து வைக்காது. மத்தியானம் கொடுப்பதைக் கொட்டிவிட்டு இரவு கையை விரிக்கும்.

அந்தத் தாங்கிக்கு வந்த நோய்தான் முழு இலங்கைக்கும் வந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பகல் 11 மணி தாண்டி நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு கை வைத்துவிட்டது என்றார் அமைச்சர். உலகப் பத்திரிகைகள் எல்லாம் சிரித்தன. நுரைச்சோலை அனல்மின் நிலையம் படுத்ததால் அடுத்தடுத்த நாட்களிலும் ஒன்றரை மணித்தியால வெட்டு. அடுத்த மாதம் 15ஆம் திகதி, காலை 8 மணிக்குத் தொடங்கி 5 நிமிடத்துக்குள், நாடு முழுவதும் அவரவர் வளவில் நிற்கும் குரங்கையும் மயிலையும் எண்ணித் தரச் சொன்னது அரசாங்கம். அது பயிர்ச் சேதத்துக்காக எடுத்த கணக்கு. மாமி நம்பவில்லை. "ஆர் கை வைச்சதெண்டு பிடிக்கப் போறாங்கள்" என்றா. அன்றிலிருந்து எங்கள் புளியில் தாவுகிற குரங்குகளை அவ கல்லால் எறிவதில்லை. "உதுகள் மின்சார சபை ஆக்கள். பேந்து வெட்டிப் போடுவினம்."

குரங்கோடு விஷயம் முடியவில்லை. அது ஞாயிறு, கந்தோரும் தொழிற்சாலையும் பூட்டு, பாவனை குறைவு. நல்ல வெயில், கூரைகளிலிருந்து வருகிற மின்சாரம் கூட. பெரிய நிலையங்களில் சுழலும் கனத்த உருளைகள் ஒரு அதிர்ச்சி வந்தால் தாக்குப்பிடிக்கும். கூரைத் தட்டில் சுழல்கிறது என்று ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் முழு வலையும் மெலிந்து நிற்கும் என்று சபை பிறகு விளக்கியது. மத்தியானம் வழிகிறது, பொழுதுபட்டு எல்லோரும் லைற் போடுகிற நேரம் போதவில்லை. எங்கள் கறுப்புத் தாங்கியை யாரோ நாடளவுக்குப் பெருப்பித்துவிட்டார்கள்.

சித்திரை வருடப்பிறப்பு வந்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி மட்டும், கூரைச் சோலர்களை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை வேண்டிக்கொண்டது. கட்டளையல்ல, வேண்டுகோள். சூரியன் எங்கள் உச்சிக்கு வந்து நிற்கிற மாதம் பார்த்து! 37 ரூபாயை நினைத்து நான் யோசித்தேன். மனிசி யோசிக்கவில்லை, "நாட்டுக்கு ஒண்டு நடந்தால் எங்களைத்தான் சொல்லுவினம்" என்று சுவிச்சை இறக்கிவிட்டா.

மச்சான் கணக்கில் வராத ஒரு நிலையமும் இந்தத் திட்டத்தில் உண்டு, அது ஸ்காபரோவில் அவனுடைய போன். எங்கள் கூரை எந்த நிமிடம் எவ்வளவு தருகிறது என்று அதில் கோடு கோடாய் ஏறி இறங்கும். கொஞ்சம் மப்பென்றால் அவனுக்கு அங்கே நித்திரை குழம்பும். வருடப்பிறப்பன்று பத்து மணிக்கு, அவனுக்கு நடுச்சாமம் தாண்டி, கோல் வந்தது. மருத்துநீர் வைத்த தலையோடு எடுத்தேன்.

"அத்தான், விடியத் தொடக்கம் சைபர் காட்டுது. தட்டைக் கழட்டிக்கொண்டு போட்டாங்களோ?"

நான் வாய் திறக்க முதல் மாமி போனைப் பறித்தா. முற்றத்தில் பாயை விரித்து மோர் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்த கை.

"ஒருத்தரும் கழட்டேல்லை மோனை. வருசப்பிறப்பெண்டு சூரியனுக்கு லீவு குடுத்திருக்கினம். மூண்டு மணிக்குப் பேந்து வேலைக்கு வருவார்."

"மூண்டு மணிக்குப் பிறகு இனியென்ன வெய்யில் அம்மா? நாளுக்கு இருபது யூனிற் போகுது! அங்கை இப்ப நல்ல வெய்யிலோ?"

"பொல்லாத வெய்யில். என்ரை மிளகாய் இண்டைக்கே காஞ்சிடும். உனக்கு ஒரு கிலோ அனுப்பட்டோ?"