பித்தான் தைக்க வந்தவனுக்குப் பீரோ சாவியா?

ஏலே பேராண்டி, யூடியூப்ல ஷார்ட்ஸ் வரிசை கண்ணுல படக் கூடாதுன்னு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டியாமே? போடும்போது பிரவுசர் கேட்டுச்சே, வாசிச்சியா? எல்லாத் தளத்துலயும் உன் தரவைப் படிக்கவும் மாத்தவும் அனுமதி வேணும்னு. நீ மகராசன், மறுபேச்சில்லாம அமுக்கிட்ட. பித்தான் தைக்க வந்த தையக்காரனுக்குப் பீரோ சாவியக் கொடுத்து, ராத்தங்கிட்டுப் போங்கன்னு பாயும் விரிச்ச கதைதான். இதுல நீ கம்ப்யூட்டர் படிச்சவன்! கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. கண்ணாடியப் போட்டு எதையும் வாசிச்சுட்டு அமுக்குற புத்தி எனக்கு உண்டு.

தி கிரேட் சஸ்பெண்டர்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்துச்சு. சும்மா கிடக்குற டேப்பைத் தூங்க வைக்கும். நல்ல பிள்ளைன்னு 20 லட்சம் பேருக்கு மேல வச்சிருந்தாங்க. 2020-ல செஞ்சவரு அதை வேற கைக்கு வித்தாரு. வாங்கினது யாருன்னு வெளிய சொல்லல. எக்ஸ்டென்ஷன் தன்னால அப்டேட் ஆயிரும், உனக்கு யாரு வந்து சொல்லுவா? 2021 பிப்ரவரியில மால்வேர் இருக்குன்னு கூகுளே முடக்கிச்சு.

உனக்கு வேண்டியது அந்த ஷார்ட்ஸ் பெட்டிய மறைக்கணும், அவ்வளவுதான? நீயே எழுதிப் பக்கத்துல ஓட்டுற பத்து வரி யூசர் ஸ்கிரிப்ட் போதும்லே. அதை ஓட்ட 2005-லயே ஃபயர்ஃபாக்ஸுக்குக் கிரீஸ்மங்கி வந்தாச்சு. பொறகு டேம்பர்மங்கி, வயலன்ட்மங்கின்னு குரங்கு வம்சம் பெருகிப்போச்சு. ஸ்கிரிப்ட் தலைப்புல 'மேட்ச்'னு ஒரு வரி. அதுல யூடியூப் முகவரிய எழுதிட்டா வேற தளத்துல ஓடாது. கீழ, பெட்டிய மறைக்க ஒரு சிஎஸ்எஸ் வரி, அதைப் பக்கத்துல செருக ரெண்டு வரி. நாளைக்கு யூடியூப்காரன் பக்கத்தை மாத்திட்டா ஸ்கிரிப்ட் படுத்துரும். ஒத்த வரியத் திருத்திக்கோ.

'டேம்பர்மங்கியும் எக்ஸ்டென்ஷன்தான தாத்தா, அதுவும் அதே அனுமதியக் கேக்குமே'ன்னு மடக்கப் பாக்கியா? கேக்கத்தான் செய்யும். ஆனா பத்துப் பேரை நம்புறதுக்கு ஒருத்தனை நம்பலாம். வயலன்ட்மங்கின்னா மூல நிரலே திறந்து கிடக்கு, போய்ப் பாரு. நீ பாக்க மாட்ட, அது வேற விசயம்.

ஊரான் எழுதின ஸ்கிரிப்ட்டை அள்ளிட்டு வந்தா மட்டும் வாசிக்காம ஒட்டிராத. 'மேட்ச்' வரியில நட்சத்திரம் போட்டு எல்லாத் தளத்தையும் வளைச்சிருந்தா என்னத்துக்குன்னு கேளு. அது தானா அப்டேட் ஆகுறதையும் நிறுத்திவை. பேங்கு பக்கத்துல எந்த ஸ்கிரிப்ட்டும் வேண்டாம். மொதல்ல அந்த எக்ஸ்டென்ஷன் பட்டியலத் திறந்து, போட்டது எதுக்குன்னே மறந்துபோனதையெல்லாம் இன்னைக்கே தூக்கிப் போடு.