இன்னும் ஒண்ணு பார்த்துடலாம்

எந்த மென்பொருள் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இவர் இருப்பார். ஒப்பீட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவர் கையில் இருப்பது வரன் பார்க்கும் தளம் ஒன்று. ஆட்கள் ஏற்றும் போட்டோவை அளவாகச் சுருக்க ஒரு கருவி தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரே பெண்ணைப் பெற்ற தகப்பன்கூட இத்தனை ஜாதகம் புரட்டியிருக்க மாட்டார்.

இமேஜ்மேஜிக்கில் ஆரம்பிப்பார். 1990இல் வெளிவந்த மூத்த கை, அதற்குத் திறக்கத் தெரியாத படவகை அபூர்வம். சரி, முடிந்தது என்று மற்றவர்கள் மூச்சு விடும்போது 2016ஐக் கிளறுவார். படம் என்ற பெயரில் விஷமக் கோப்பை ஏற்றி சர்வரையே ஆட்டிவைக்கலாம் என்று அந்த வருஷம் அம்பலமானது. ஓட்டையை அடைத்தாயிற்றே என்றால், "பேர் கெட்டது கெட்டதுதானே பாஸ்" என்பார்.

தளத்தில் ஏற்கெனவே ஓடுகிற ஜிடி? தளம் எழுதப்பட்ட பிஹெச்பி மொழியோடு வருவது, செலவில்லை. அதற்கும் கணக்கு வைத்திருப்பார். படத்தை விரித்தால் பிக்சலுக்கு நாலு பைட். போனில் முழு 48 மெகாபிக்சலில் எடுத்த படம் 192 எம்பி நினைவகம் கேட்கும், பிஹெச்பி வழக்கமாக விடுவது 128. பக்கம் வெள்ளையாகிவிடும். உண்மைதான். இந்த மனிதரோடு உள்ள கஷ்டமே, சொல்வதெல்லாம் உண்மையாக இருப்பதுதான்.

அடுத்த கருவி லிப்விப்ஸ். படத்தை மொத்தமாக விழுங்காது, துண்டு துண்டாக வாங்கி வேலை பார்க்கும். வேகம், சிக்கனம், குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. "இவ்வளவு நல்லா இருந்தா எங்கயோ இடிக்குமே!" கடைசியில் லான்சோஸ் முறையில் சுருக்கிய மூக்குத்தியையும் பைக்யூபிக்கில் சுருக்கிய மூக்குத்தியையும் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தளத்தில் அந்த மூக்குத்தி கடுகளவுகூடத் தெரியாது.

இதற்குள் தளத்தில் மாப்பிள்ளைகள் படுத்துக் கிடந்தார்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தைப் படுக்கையாகவே சேமிக்கும். 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு மட்டும் படத்தோடு ஒட்டிய எக்ஸிஃப் தகவலில் இருக்கும். பழைய நிரல் அதைப் படிக்காமலே துடைத்துவிடும். பெண்ணின் தகப்பனார் ஒருவர் போன் போட்டே கேட்டார்: "பையன் எல்லாப் படத்துலயும் படுத்திருக்காரே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

மேனேஜர் ஓடிவந்தார். "என்னப்பா ஆச்சு?"

"ஃபைனல் ஸ்டேஜ் சார். இன்னும் ஒண்ணு பார்த்துடலாம்."

வெள்ளிக்கிழமை அவர் லீவு. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, யாரையும் கேட்காமல் லிப்விப்ஸைப் போட்டு, படத்தைத் தானே நிமிர்த்தும் வசதியையும் சேர்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் புதிதாக வந்த மாப்பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

திங்கட்கிழமை ஒப்பீட்டார் கோபப்படவில்லை. நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. டெம்பரரிதானேம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் எக்ஸலில் புதுத் தாள் திறந்தாயிற்று. 'எந்தப் படவகை: வெப்பியா, ஏவிஐஎஃப்பா' என்று தலைப்பைத் தட்டி, முதல் நெடுவரிசையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்.